அம்புரோஸுக்கு ஒரு குறள் வெண்பா

அன்று மதியம் மஞ்சூர் பஜாரின் கல் பட்டறைக்குள் இருந்தவர்கள்: கல்லில் எழுத்து வெட்டும் வெற்றிச்செல்வன், கல்லுக்கு மெருகு போடும் அவன் மனைவி தேவி, பஸ் டிரைவராக இருந்து மாரடைப்பில் செத்த அம்புரோஸின் மனைவி தபித்தாள் டீச்சர், அம்புரோஸின் அண்ணன் சவரிமுத்து. நடுவில் கறுப்புக் கல். பெயரும் தேதிகளும் வெட்டியாகிவிட்டது, கீழே இரண்டு வரிக்கு இடம் காலி. மறுநாள் காலை சர்ச்சிலிருந்து சாமியார் கல்லறையை மந்திரிக்க வருகிறார்.

அந்த இடத்துக்குக் குறள் வெண்பாதான் வேண்டும் என்றாள் தபித்தாள். முதலடி கையில் இருந்தது:

யாருமிலாப் பாதை வளைவிலும் ஹாரனிட்டாய்

இரண்டாம் அடி அவர் பெயரில் முடிய வேண்டும் என்று ஆசைப்பட்டாள். பெயர் அங்கே உட்கார மறுத்தது. வெண்பாவின் கடைசிச் சீர் குட்டையாக, சட்டென்று நின்றுவிட வேண்டும். அம்புரோஸ் வெளியே நீட்டிக்கொண்டிருந்தார்.

“சும்மா போட்டுருங்க டீச்சர். கல்லறைத் தோட்டத்துல ஆருங்க சீர் பிரிச்சுப் பாக்கறாங்க?” என்றான் வெற்றிச்செல்வன். அவனும் கவிதை எழுதுகிறவன்தான். யாப்பு ஒரு கைவிலங்கு என்று முகநூலில் சண்டை போட்டவன்.

“ஹாரன் அடிக்கறப்ப அந்த மனுசன் ஆராச்சும் இருக்காங்களான்னு கேட்டுட்டா அடிச்சாரு?” என்றாள் தபித்தாள்.

வெற்றிச்செல்வன் உளியைக் கீழே வைத்தான். வந்த சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வது அவன் வழக்கம். இவளோ விரலில் தட்டிப் பார்த்துப் பார்த்து நல்ல சொற்களையே தூக்கி எறிந்தாள். ‘தூங்கு’ கச்சிதமாக அமர்ந்தது. “வண்டியில தூங்கற ஆளில்லை அவரு” என்று அதையும் தள்ளினாள். இத்தனை கறாரான வேலையை அவன் தன் உளியிடம்கூடப் பார்த்ததில்லை. வெளியே மழை பிடித்தது. கடைசியில் மெதுவாகச் சொன்னாள்:

ஓரமாய் அம்புரோஸ் நில்.

தேவியின் கை மெருகுக்கல்லோடு நின்றது. வெற்றிச்செல்வன் ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தான். பெரிய வண்டி ஒன்று மூச்சுவிட்டு நிற்பது போலிருந்தது.

“ஏம்மா, கட்டுனவனப் போயி நில்லுங்கறதா?” என்றார் சவரிமுத்து. “நில்லுங்கன்னு போடு. ஊரே வந்து பாக்கும்.”

“நில்லுங்கன்னா வண்டி நிக்காதுங்களே” என்றான் வெற்றிச்செல்வன்.

“நீ கல்ல மட்டும் பாருப்பா.”

தபித்தாள் கல்லைப் பார்த்தபடியே பேசினாள். “கல்யாணமான நாள்ல இருந்து ‘ங்க’ போட்டுத்தான் பேசினேனுங்க மாமா. நெஞ்சு கரிக்குதுன்னு சொன்ன அன்னைக்கும், இன்னைக்கு வண்டி எடுக்க வேண்டாமுங்கன்னுதான் சொன்னேன். எடுத்துட்டுப் போயிட்டாரு.”

சவரிமுத்து குடையை எடுத்தார். “சாமியாரையே கூட்டியாரேன். அவரு சொல்லட்டும். அதுவரைக்கும் கல்லுல ஆரும் கை வெக்கப்படாது.”

“பாத்துப் போங்கண்ணா, வழுக்கும்” என்று வாசல்வரை போய் வழியனுப்பினாள் தேவி. பிறகு கணவனிடம் திரும்பி, “கடைசிச் சொல்ல மொதல்ல வெட்டீருங்க” என்றாள். சவரிமுத்துவின் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பினாள்.