யாரைக் கூப்பிட்டார்

எங்கள் பக்கத்தில் அப்பாவையும் நைனா என்போம். ஆசையாக மகனையும் நைனா என்போம். என் மகன் எழிலனை நான் கூப்பிடுவதும் அப்படித்தான். அந்த ஒரு சொல்லில் நான் மாட்டிக்கொண்டேன்.

மணவூர் தேவசுந்தரியை சர்ச்சில் வைத்துக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து என் அப்பா கஜபதி என்னோடு பேசவில்லை. இருபத்திரண்டு வருடம். நானும் லேசுப்பட்டவன் இல்லை. அவரே கூப்பிடட்டும் என்று மணவூரிலேயே இருந்துவிட்டேன்.

போன மாதம் அவர் பக்கவாதத்தில் விழுந்ததும் தங்கை பாஞ்சாலி போன் செய்தாள். எங்கள் ஊர் கே.ஜி.கண்டிகைக்குப் போனேன். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வாசற்படியில் செருப்பைக் கழற்றினேன்.

"நைனா" என்றார், குழறலாக. திரும்பவில்லை.

என் தாத்தாவையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். வாசல்வரை வந்த மகனை விட்டுவிட்டு, என்றோ செத்துப்போன அப்பனைக் கூப்பிடுகிறாரே என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாங்கிவந்த சாத்துக்குடியைப் பாஞ்சாலி கையில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். மறுநாள் அவர் போய்விட்டார்.

கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு பாஞ்சாலி கேட்டாள்: "ஏண்ணா, அன்னிக்கு உன்னக் கூப்ட்டாரு. நீ பாட்டுக்கு பஸ்ஸப் புடிச்சுகினு போய்ட்டியே?"

"என்னை எங்க கூப்ட்டாரு? அவங்க அப்பாவத்தான கூப்ட்டாரு."

"ஆங், நீ புடிச்ச மொயலுக்கு மூணே காலு. சின்னதுல உன்ன வேற இன்னான்னு கூப்ட்டாரு?"

"நெஜமா என்னையா?"

"எனக்கு மட்டும் இன்னாண்ணா தெரியும், அவரு மனசுக்குள்ள பூந்தா பாத்தேன்? எனக்கு அப்படிக் கேட்டுச்சு. கிட்டப் போயிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

இருபத்திரண்டு வருடம் காத்திருந்த சொல் வந்திருக்கிறது. கோபம் காதை அடைத்துவிட்டது. இல்லை, அது தாத்தாவுக்குப் போன சொல்லாகவும் இருக்கலாம். எது என்று இனிக் கேட்க ஆளில்லை. மொட்டைத் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பிறகு எழுந்துபோய், மாலை போட்டிருந்த போட்டோவின் முன்னால் நின்றேன்.

"நைனா" என்றேன்.

"ஆங், வரேம்பா" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. பந்தலில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த எழிலன், கையைத் துடைத்தபடி உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றான்.

நான் கூப்பிட்டது அவனை இல்லை. ஆனால் அவன் வந்துவிட்டான்.