ஈரமாய் ஒரு கொப்புளம்

அம்மை போட்ட எட்டாம் நாள், சந்திரமதியின் உடம்பில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசாத இடம் இரண்டு கருவிழிகள் மட்டும்தான். புருஷன் கதிரேசன் தேக்கா சந்தைக்குப் போய் அங்கிருந்த வேப்பிலையை மொத்தமாக வாரிக்கொண்டு வந்திருந்தான். பிடோக் அடுக்குமாடி வீட்டில், பதினோராம் மாடியில், ஒரு தோப்பே முளைத்துவிட்டது. இனிக் குயில் வந்து கூடு கட்ட வேண்டியதுதான் பாக்கி.

தடுப்பூசி இரண்டும் போட்டுக்கொண்ட தாதியான அவளுக்கே அம்மை வந்ததை அவன் ஆத்தாளின் தனி அன்பு என்று சொன்னான். சந்திரமதிக்கு அந்த அன்பு வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு வேலைக்குப் போக வேண்டும்.

தஞ்சோங் பகாரில் அவள் வேலை பார்க்கும் பராமரிப்பு இல்லத்தின் பதினான்காம் படுக்கையில் அங்கமுத்து கிடந்தார். ஒரு காலத்தில் கப்பலையே முதுகில் ஏற்றி இறக்கியவர் போலப் பேசுவார். இப்போது இரத்தப் புற்று. மருந்து அவர் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் துடைத்துவிட்டிருந்தது. மூக்குவழி உணவூட்டும் குழாய் வேண்டாமென்று கையெழுத்துப் போட்டிருந்தார். யார் கரண்டியை நீட்டினாலும் வாய் பூட்டிக்கொள்ளும். சந்திரமதி திட்டினால் மட்டும் திறக்கும். அவள் விடுப்பில் போனதிலிருந்து நாளுக்கு நாலைந்து வாய்தான். இரண்டு நாளாக அதுவும் இல்லை.

காணொளி அழைப்பில் அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது. தாதிகள் எல்லாருமே அவருக்கு மிஸ்ஸிதான்.

"யாரு மிஸ்ஸி நீ? மாரியாத்தாவே போன் பண்ணுதா?"

"வாயத் தொறங்க அங்கிள். மூட்டை தூக்குன ஆளு, ஒரு ஸ்பூன் கஞ்சிக்குப் பயப்படுறீங்களே!"

"கஞ்சியா அது? சிமெண்டு லா! நேர்ல வந்து திட்டு, முழுங்குறேன். போன்ல திட்டுனா காரமே இல்ல."

"வியாழக்கிழமை வந்துடுவேன்."

"ஏமாத்த மாட்டியே?"

"மாட்டேன்."

கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டிக் காய்ந்த பிறகுதான் தாதி வேலைக்குத் திரும்பலாம் என்பது இல்லத்தின் விதி. புதன்கிழமை, தொற்றுத் தடுப்பைக் கவனிக்கும் சிஸ்டர் உமாமகேஸ்வரி படம் அனுப்பச் சொன்னார். மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை மஞ்சளைக் கழுவக் கூடாது என்று கதிரேசன் குளியலறை வாசலில் காவல் நின்றான். பூச்சோடேயே படம் எடுத்து அனுப்பினாள். பூச்சு வெயிலில் வெடித்த களிமண்ணாகக் காய்ந்திருந்தது. "எல்லாம் நல்லாக் காஞ்சிருக்கு, நாளைக்கு வாங்க" என்று பதில் வந்தது.

வியாழன் காலை மூன்றாம் தண்ணீர். மஞ்சள் கரைந்து ஓடியது. இடுப்புக்குச் சற்று மேலே, முத்துப்போல ஒரு கொப்புளம், உள்ளே நீரோடு பளபளத்தது.

"ஒண்ணே ஒண்ணுதானே மதி" என்றான் கதிரேசன். "சட்டைக்குள்ள யாரு பார்க்கப் போறா? சிஸ்டரே வரச் சொல்லிட்டாங்க லா."

அவள் சீருடையைப் போட்டுக்கொண்டாள். பொத்தான்களையும் போட்டாள். அது துணிக்குள் மறைந்துதான் போயிற்று. ஆனால் அவள் குனிந்து கரண்டியை நீட்டும் தூரம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். ஒரு சாண். அவர் விடும் மூச்சு அவள் கன்னத்தில் படும்.

போகாவிட்டால் பசி. போனால் அம்மை, அந்த உடம்புக்கு.

பொத்தான்களைக் கழற்றிவிட்டு உமாவை அழைத்தாள்.

"சிஸ்டர், நேத்து அனுப்புன படத்துல காஞ்சிருந்தது மஞ்சள். உள்ள ஒண்ணு ஈரமா இருக்கு."

"அங்கமுத்து அங்கிள் காலையிலேருந்து கதவையே பாத்துக்கிட்டிருக்காரு" என்றார் உமா. பிறகு, "சொன்னது நல்லது. காஞ்சதும் வாங்க."

மதியம் அவளே போனில் திட்டினாள், கெஞ்சினாள், அழுதாள். மூன்று கரண்டி இறங்கியது.

"வியாழக்கிழமைன்னியே மிஸ்ஸி" என்றார். அவ்வளவுதான்.

சனிக்கிழமை மாலை கொப்புளம் காய்ந்தது. ஞாயிறு காலை, எந்தப் பூச்சும் இல்லாத தோலை உமா நேரில் பார்த்து, படிவத்தில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவை மூடாமல், "விடியக்காலையில..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

பதினான்காம் படுக்கையில் புது விரிப்பு போட்டிருந்தது.

சமையலறைக்கு இன்னும் தகவல் போகவில்லை. எட்டு மணிக்குத் தள்ளுவண்டி வந்தது. மூடிமேல் 'அங்கமுத்து, மசித்தது' என்று ஒட்டிய கிண்ணத்தை யாரோ அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். கஞ்சியில் ஆவி பறந்துகொண்டிருந்தது. சந்திரமதி காலி நாற்காலியில் உட்கார்ந்து, அது ஆறும்வரை கிண்டிக்கொண்டே இருந்தாள்.