துணி தூங்கட்டும்

உள்ளாடைக் கம்பெனியில் தைக்கிறவளை வீட்டில் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். அத்தனை கீச்சு. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலையிலிருந்து சத்தமே இல்லை. மெஷினில் குனிந்தபடி அண்ணிக்கு ஒரு பாடி தைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனியிலிருந்து வாங்கிவந்த ஸ்ட்ரெச் நெட். பார்த்தால் கொசுவலை, தொட்டால் பூ, இழுத்தால் இழுத்த பக்கம் வரும்.

அண்ணி பஸ் கண்டக்டர். புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்தபின் நீண்ட விடுப்பில் இருந்தவள், மறுநாள் வேலைக்குத் திரும்ப வேண்டும். கடைப் பாடி எதைப் போட்டாலும் தழும்பில் உறுத்தியது. கையைத் தூக்கிக் கம்பியைப் பிடிக்க முடியவில்லை.

"கம்பி பிடிக்க முடியலைன்னா ஆபீஸ்ல மூலையில உக்காத்தி வெச்சிடுவாங்கடி. எனக்கு பஸ் ஓடணும்."

"ஓடும் அண்ணி. கொஞ்சம் பொறுங்க."

நெட்டை இரண்டு மடிப்பாக்கி, இடப்பக்கம் பஞ்சு வைக்க ஒரு பை தைத்து, தையல் விளிம்பையெல்லாம் வெளிப்பக்கம் திருப்பிவிட்டிருந்தாள். அண்ணி அதை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

வெகுநேரம் ஆகியும் ஆளைக் காணோம்.

"அண்ணி?"

"கொக்கி எட்டலைடி." குரல் ஒடிந்திருந்தது. "வீங்கிடுச்சு போல. மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சு."

குருவி கதவைத் தள்ளினாள். உள்ளே போனாள். அண்ணி சுவரைப் பார்த்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முதுகில் இரண்டு முனைகளும் சேராமல் நின்றன. ஆனால் முதுகு அதே முதுகுதான். குருவி ஓடிப்போய், அதே அளவில் இன்னொன்றுக்கு வெட்டி, தைக்காமல் வைத்திருந்த துண்டை எடுத்து, அதன் மேல் வெட்டும்போது வைத்த காகித அளவை வைத்தாள். துணி ஒரு விரல் குட்டை.

தலையில் அடித்துக்கொண்டாள்.

"நீங்க வீங்கலை அண்ணி, துணிதான் சுருங்கிடுச்சு! ரோல்ல இழுத்துச் சுத்தியிருப்பாங்க. அவிழ்த்து மேசையில போட்டு, அது பழைய நிலைக்கு வந்தப்புறம்தான் எங்க மாஸ்டர் கத்தரி எடுப்பாரு. நான் தைக்கிறவதானே, வெட்டினதே இல்ல. அவசரத்துல அப்படியே வெட்டிட்டேன்."

அண்ணி அந்தத் துண்டையும் காகிதத்தையும் தானே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். திருப்பி வைத்தும் பார்த்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"பாவி. உசிரே போயிடுச்சுடி."

மீதித் துணியைச் சாப்பாட்டு மேசையில் தளர்வாக விரித்தார்கள். அண்ணன் தட்டோடு வந்து, மேசையைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

"ஏன், எனக்கு இடம் இல்லையா?"

"துணி தூங்குது, சத்தம் போடாதீங்க," என்றாள் அண்ணி. "ஆபீஸ் விட்டு வந்து நீங்களும்தான் இப்படி விழுந்து கிடக்கீங்க. வயிறு சுருங்கக் காணோமே."

மதியம் முழுக்க நாத்தனாரும் அண்ணியும் மேசைக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். குருவியின் கீச்சு திரும்பிவிட்டது. அண்ணி அதைக் கேட்டபடியே கண்ணயர்ந்தாள்.

வெயில் தாழ்ந்தபின் வெட்டித் தைத்தது கொக்கி வரை பதமாக வந்து சேர்ந்தது. அண்ணி காக்கிச் சட்டையை மேலே போட்டுக்கொண்டாள். தயங்கித் தயங்கி இடது கையைத் தூக்கி, கதவு நிலையின் மேல்கட்டையைப் பிடித்தாள். முகம் சுளிக்கவில்லை. பஸ் குலுங்குவதுபோல இப்படியும் அப்படியும் ஆடிப் பார்த்தாள்.

"உள்ள ஏறி வாம்மா, படியில நிக்காதே," என்றாள் குருவியைப் பார்த்து.