மறுதாளில் இருந்த ‘என்று’

சைகோனிலிருந்து மதார் சாகிப் கொண்டுவந்த கடுதாசியைக் கைருன்னிஸா நாலாம் தடவை வாசித்தாள். எழுத்து மாறவில்லை. அவள் புருஷன் ஹமீதின் குண்டு குண்டான எழுத்தேதான்.

ஆரம்பமெல்லாம் வழக்கம்போல. சலாம், சுகம், விடாத மழை, துறைமுகக் கிட்டங்கியில் வேலை, பேசத்தான் ஆளில்லை. பிறகு, ‘மனசில் தங்கிப்போன ஒரு சங்கதி எழுதுகிறேன், பொறுமையாக வாசி.’ அதற்குக் கீழே இப்படி இருந்தது:

‘நான் முதலில் மறுத்தேன். பெரியவர்கள் விடவில்லை. முதல் மனைவிக்குச் சொல்ல வாய் வராமல் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில் இரண்டாம் கலியாணம் முடிந்துவிட்டது. நல்ல பெண். இனி இரண்டு பேரையும் ஒரே வீட்டில் வைத்து, ஒருத்தி மனசும் நோகாமல் காப்பாற்ற’

அதோடு தாள் முடிந்தது. மேற்கொண்டு எழுதக் கை வரவில்லைபோல என்று நினைத்தாள். கையெழுத்துக்கூட இல்லை. போட முகம் வேண்டாமா?

ஒரே வீட்டிலாம். எந்த வீட்டில்? அவர்கள் ஊர் வழக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். உம்மா எழுதிக்கொடுத்த வீடு இது. ஹமீது இங்கே மாப்பிள்ளையாக வந்தவன். அவன் தலைவைத்துப் படுத்த தலையணைகூட உம்மா தைத்தது. கலியாணம் செய்துகொண்டதைவிட அந்த ‘ஒரே வீட்டில்’தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மற்றதற்கு அழலாம். இதற்கு அழுகையும் வரவில்லை.

அழாமலே பதில் எழுதினாள். ‘நீங்கள் செய்ததைச் செய்துகொண்டீர்கள். எனக்குக் குலா கொடுத்துவிடுங்கள். இனி என் வீட்டுப் படி ஏற வேண்டாம்.’ பெண்ணே கேட்டுப் பிரிந்துகொள்கிற குலா அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை. கேட்டால் என்ன பேசுவார்கள் என்றும் அவளுக்குத் தெரியும். இருந்தும் உறையை ஒட்டினாள்.

மதார் சாகிப் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் மறுபடி சைகோனுக்குச் சபர் புறப்படுகிறார். அதற்குள் அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அண்ணன் முறை, தெருவுக்கே அவர் ‘நானா’.

“என்னா புள்ள, இவ்ளோ மெல்லிசா இருக்கு? மச்சானுக்கு எழுத ஒண்ணுமே இல்லயா?” என்று கேட்டுக்கொண்டே அவர் உறையைத் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்.

“இருந்ததெல்லாம் எழுதிட்டேன் நானா.”

திரும்பினால், வாசலில் கமர் நிஷா மூச்சிரைக்க நிற்கிறாள். அவள் புருஷன் மீரா சாகிப்புக்கும் ஹமீது இருக்கும் அதே கிட்டங்கியில்தான் வேலை.

“நானா, எங்க ஊட்டு ஆளுக்கு சைகோன்ல என்னா ஆச்சு? உண்மையச் சொல்லுங்க.”

“நல்லாத்தானே இருக்காரு. தொந்தி போட்டிருக்காரு.”

“தொந்தி கெடக்கட்டும். கடுதாசில சலாம் சொல்லி முடிச்சுப்புட்டு, அப்புறம் ஒரு தாள்ல ஆறு ஒறஞ்சு போச்சுங்குறாரு, உப்பு ஏரிங்குறாரு, ஜெயிலுங்குறாரு. மோர் மன்னாம்! இவரு எப்ப மோர் விக்கப் போனாரு? ஜெயிலுன்னதும் மேக்கொண்டு படிக்காம ஓடியாந்துட்டேன்.”

அவள் ஆட்டிய தாளில் குண்டு எழுத்து. கைருன்னிஸா வெடுக்கென்று பிடுங்கினாள்.

‘ஆண்டவன்தான் எனக்குப் பலம் தரவேண்டும் என்று எஸ்ரா கோல்வின் என்கிற பெரியவர் தன் கைப்பட எழுதிவைத்திருக்கிறார்...’

‘காப்பாற்ற’வோடு அறுந்த வாக்கியத்தின் மிச்சம். அந்த ‘என்று’வில் அவள் கண் நின்றுவிட்டது. விடாமல் மேலே வாசித்தாள்.

நூறு வருஷத்துக்கு முந்தி அமெரிக்காவில் மோர்மன் சபை என்று ஒன்று உண்டானபோது அதன் தலைவர்களில் ஒருவராம் அவர். நம்ம உஜைர் நபி பேரைத்தான் அவர்கள் எஸ்ரா என்கிறார்களாம். வண்டிச் சக்கரம் செய்கிற தச்சர். வேற்று மார்க்கம் என்று அக்கம்பக்கத்தார் வீட்டைக் கொளுத்த, உறைந்த ஆற்றின்மேலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். வழியில் ஒரு பிள்ளையைப் புதைத்திருக்கிறார். உப்பு ஏரிக்கரையில் வாய்க்கால் வெட்டி ஊர் உண்டாக்கியிருக்கிறார். சபையார் சொல்லித்தான் இரண்டாம் கலியாணம். பின்னால் சர்க்கார் அது குற்றம் என்று சட்டம் போட, அறுபது வயசுக்கு மேல் ஆறு மாதம் ஜெயில். வாராவாரம் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தது மூத்தவள்தானாம்.

‘கப்பல் என்ஜின்காரர் ஒருவர் விட்டுப்போன புத்தகம். அகராதியை வைத்து வாசித்தேன். ஊரைவிட்டு வந்தவன் கதை என்பதால் விட முடியவில்லை. இரண்டு பேரோடு இருக்க அவருக்குப் பலம் தேவைப்பட்டது. எனக்கு ஒருத்தியைப் பிரிந்திருக்கவே பலம் போதவில்லை. இப்படிக்கு, ஹமீது.’

கைருன்னிஸா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அழுகை வந்தது. அதோடு சிரிப்பும் வந்தது.

“லாத்தா, என்னா லாத்தா?” கமர் நிஷா பயந்துபோனாள். “அப்ப எங்க ஊட்டு ஆளுக்குப் பைத்தியம் இல்லயா?”

“இல்லடி. எங்க ஊட்டு ஆளுக்குத்தான்.”

மதார் சாகிப் தாடியைச் சொறிந்தார். “வர்ற வழியில மழையில பையி நனஞ்சுபோச்சு புள்ள. உறையெல்லாம் வாயப் பொளந்துடுச்சு. தாளுங்களக் கட்டில்ல காயப்போட்டு, குத்துமதிப்பா மடிச்சு வச்சேன்.”

“குத்துமதிப்பா! நானா, ஒரு குடும்பத்தையே குத்துமதிப்பா மடிச்சிட்டீங்க. மொதல்ல பெட்டியத் தொறங்க.”

“இப்பதானே பூட்டுனேன்?”

“தொறங்கங்குறேன்!”

உறை கைக்கு வந்ததும் எட்டாகக் கிழித்தாள். போதாதென்று பதினாறாக்கினாள். கமர் நிஷா என்ன ஏது என்று கேட்டதற்கு, “உப்பு கூடிப்போச்சுடி, வேற ஆக்கணும்” என்றாள். மதார் சாகிப்புக்குப் புரிந்ததோ என்னவோ, தாளும் பேனாவும் எடுத்துக் கொடுத்தார்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். தான் சுகம், வீடு ஒழுகவில்லை, அவர் தலையணை வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. அடுத்தவர் பேச்சை எழுதினால் ஆள் பேரை முதலில் போட்டுவிட்டு எழுதவும். தாளுக்கு நம்பர் போடவும். ஏன் எதற்கு என்று கேட்க வேண்டாம், வந்தபிறகு சொல்கிறேன்.

முடித்து மடிக்கப்போனவள் மறுபடி விரித்து அடியில் ஒரு வரி சேர்த்தாள்.

‘ரொட்டி சுட்டுக்கொண்டுபோன அந்த மூத்தவள் பேர் என்ன? புத்தகத்தில் இருந்தால் எழுதவும்.’