உயரமான பீக் மட்டும்

கேஸ் குரோமட்டோகிராஃப் மெஷின் திரையில் ஒரு ரசாயனத்துக்கு ஒரு கூர்முனை எழும். பீக் என்பார்கள். நோனைல்பீனால் என்கிற நச்சு மட்டும் அப்படி ஒழுங்காக வந்து தொலைக்காது. கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வருவதுபோல, நெட்டையும் குட்டையுமாகப் பத்துப் பன்னிரண்டு பீக்குகள் ஒட்டிக்கொண்டு வரும். அத்தனையின் பரப்பையும் கூட்டினால்தான் துணியில் எவ்வளவு இருக்கிறதென்று தெரியும். திருப்பூர் லேப் ஒன்றில் விஜயராணிக்கு அதுதான் வேலை.

அன்று வந்தது கைக்குழந்தைகளுக்கான பனியன் துணி. கூட்டிப் பார்த்தாள். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் வைத்த வரம்பைப்போல மூன்று மடங்கு. சாயப்பட்டறையில் துணி அலசும் சோப் ஆயில் மட்டமாக இருந்தால் இப்படித்தான் வரும். இந்தத் துணிக்குச் சாயம் போட்ட பட்டறையில் சோப் ஆயில் ஊற்றுகிறவன் அவள் புருஷன் மாரிச்செல்வம். ஆர்டர் கைவிட்டுப் போனால் முதலில் யார் தலை உருளும் என்று அவளுக்குத் தெரியாதா?

மேனேஜர் தரணீதரன் நல்ல மனுஷன்தான், நஷ்டம் வராதவரை. திரையை எட்டிப் பார்த்துவிட்டு, பட்டறை முதலாளி அர்த்தநாரி லேபின் பழைய கஸ்டமர் என்று நினைவூட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உயரமா இருக்கற பீக்க மட்டும் எடுத்துப் போடுங்க அம்மிணி. பாஸாயிரும். உங்க ஊட்டுக்காரருக்கும் நல்லதுங்க."

ஒப்பிட வைத்திருக்கும் ஸ்டாண்டர்டுக்கு எல்லாப் பீக்கும் சேர்ந்த முழுக் கூட்டம், சாம்பிள் துணிக்கு மட்டும் ஒற்றை பீக். அந்தக் கணக்கில் எந்த விஷமும் பாஸாகிவிடும். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அந்தத் துணியைச் சப்பப்போவது யார் பிள்ளையானால் என்ன? மேனேஜர் டீ குடிக்கப் போன நேரத்தில், எல்லாப் பீக்கையும் கூட்டியே ரிப்போர்ட்டை பையருக்கு அனுப்பிவிட்டாள்.

ஆர்டர் ரத்தானது. அர்த்தநாரி சமாளித்த விதம் இருக்கிறதே! கம்பெனி நல்ல சோப் ஆயில்தான் வாங்கிக் கொடுத்ததாம், தெற்கேயிருந்து வந்த ஆள் மாரிச்செல்வம் கேனை மாற்றி ஊற்றிவிட்டானாம். மட்ட ரகத்தை வாங்கிப் போட்டவரே அவர்தான். பையரும் நம்பினார், அல்லது நம்பியதுபோல் இருந்துகொண்டார். மாரிச்செல்வத்தின் போட்டோ வாட்ஸப்பில் மற்ற பட்டறைகளுக்கும் போனது. இனி இந்த ஊரில் எவன் கேட்டைத் திறப்பான்?

வீட்டுக்கு வந்தவன் கைகால்கூடக் கழுவாமல் உட்கார்ந்தான். மேனேஜர் சொன்னதையும் தான் செய்ததையும் விஜயராணி ஒன்றுவிடாமல் சொன்னாள். திட்டுவான் என்று காத்திருந்தாள்.

"எல்லாத்தையும் சரியாத்தான கூட்டுன?" என்று கேட்டான்.

"ரெண்டு தடவ கூட்டிப் பாத்தேன்."

அவன் தலையாட்டினான். தன் கைகளை அவள்முன் நீட்டினான்.

"அவங்க குடுத்த கேனத்தான் நான் ஊத்துனேன். அத எந்த மெஷினு சொல்லும்?"