ஏறாத மாடி

புயல் போய்ப் பன்னிரண்டு நாளாகியும் ராகவனை ஒரு பழக்கம் விடவில்லை. எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் அண்ணாந்து பார்ப்பான். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக வீடுகளைச் சோதித்து எழுதும் சர்வேயர் கூரையைப் பார்ப்பதில் என்ன அதிசயம் என்று அவன் மனைவி தீபிகா நினைத்துக்கொண்டாள். பாவம், அவளுக்கு அயனம்பாக்கம் கோதண்டத்தைத் தெரியாது.

கோதண்டத்தின் வீடு ஏரிக்கரைப் பக்கம், நடுச்சுவர் ஒன்றாக இருக்கும் இரட்டை வீடுகளில் ஒன்று. முப்பத்தெட்டு வருஷக் கூரைத் தளம். மொட்டை மாடிக்குப் படி கிடையாது, ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். போன ஆனியில் பாலிசி புதுப்பிக்கும் சோதனைக்கு வந்த ராகவன் ஏணிக்குச் சோம்பல்பட்டான். வெயில் மண்டையைப் பிளந்தது, இன்னும் நாலு வீடு பாக்கி. படி இருந்த பக்கத்து வீட்டில் ஏறி, புதுசாக ஓடு பதித்த அவர்கள் மாடியைப் படம் பிடித்தான். 'தளம் நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான். புயலடித்த மத்தியானம் கட்டிலில் படுத்திருந்த கோதண்டத்தின் மேல் அந்தத் தளம் விழுந்தது. ஆள் அங்கேயே போய்விட்டார்.

நஷ்டத்தைப் பார்க்கவும் அவனையே அனுப்பினார்கள். "பழைய தளம், சொந்தக்காரர் கவனிக்கலைன்னு எழுதிடு. உன் பழைய ரிப்போர்ட்ட யாரும் கிளற மாட்டாங்க," என்றார் மேலாளர் குணசேகரன். அப்படி எழுதினால் கோதண்டத்தின் மனைவி லோகநாயகிக்கு ஒன்றும் கிடைக்காது. உண்மையை எழுதினால் இவன் வேலை போகும். குணசேகரன் சொன்னபடியே எழுதுவதென்று வழியிலேயே முடிவு செய்திருந்தான்.

இந்தத் தடவை ஏணி வைத்து மேலே ஏறினான். எங்கும் பாசி, ஆலங்கன்று, விரல் நுழையும் விரிசல். அன்றைக்கு ஏறியிருந்தால் குருடன்கூடக் கண்டுபிடித்திருப்பான். நடுவில் கட்டில் அகலத்துக்கு ஓட்டை. அதன் வழியாகக் கட்டில் முனகும் சத்தம் கேட்டது. கட்டிலைப் புயலடித்த அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் கேட்டது, யாரோ புரண்டு படுப்பதுபோல.

எட்டிப் பார்த்தான். கட்டில் கிடந்த இடத்தில் லோகநாயகி நின்றுகொண்டிருந்தாள்.

"கொத்தனார வரச் சொல்லிருந்தாரு சார். நீங்க குடுத்த பேப்பர பாத்துட்டு வேணாம்னு அனுப்ச்சிட்டாரு. படிச்சவங்களே பாத்து சொல்லிட்டாங்க, இன்னாத்துக்கு இடிக்கணும்னாரு." அவள் குரலில் கோபமே இல்லை. "எம் பொண்ணு பூந்தமல்லில கீறா. அதுவும் பழைய ஊடுதான். நீங்க ஒருவாட்டி பாத்துட்டு நல்லாகீதுன்னு சொன்னா, நிம்மதியா தூங்குவா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

"அம்மா... அன்னிக்கு நான் இங்க ஏறவே இல்லம்மா. பக்கத்து மாடியப் படம் புடிச்சிட்டுப் போயிட்டேன்."

அவன் கால் மாற்றி நின்றான். விளிம்பிலிருந்து ஒரு துண்டு காரை உதிர்ந்து அவள் தோளில் விழுந்தது.

"தள்ளிப் போங்கம்மா!"

அவள் நகரவில்லை. "எறங்காத சார். அங்கியே நின்னு எழுது. அவரு படுத்த எடத்துல நான் நிக்கிறேன். எழுதினத சத்தமா படி."

ராகவன் எழுதினான். எழுதியதைப் படித்தபோது அவன் குரலே அவனுக்கு வேற்றாள் குரலாகக் கேட்டது.

"நான் இந்த மாடிக்கு இன்றுதான் முதல்முறை ஏறினேன்."