நன்மங்கலம் காட்டில் விசில்

நேற்று காலை வீட்டைவிட்டுப் போன பொன்னுசாமி இன்னும் திரும்பவில்லை. வயதாகி ஞாபகம் அழிந்துபோன மனுஷன். நன்மங்கலம் காட்டு வேலியைத் தாண்டி அவர் உள்ளே போனதைக் கீழ்க்கட்டளை டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். காட்டுக்குள் பழைய கல்குவாரிப் பள்ளங்கள் தண்ணீரோடு கிடக்கின்றன. போலீஸ்காரர்கள் தண்ணீரில்தான் தேடிக்கொண்டிருந்தார்கள்.

புதர்களுக்குள் தேட வந்தது தாம்பரத்து மலையேற்றக் குழு. ஞாயிறு ஆராதனையை விட்டுவிட்டுக் குழுவோடு வந்த டெபோராவோடு பொன்னுசாமியின் மனைவி கங்கம்மாவும் நடந்தாள். வீட்டில் இருக்கச் சொல்லியும் அவள் கேட்கவில்லை. தன் பெயரே நினைவில்லாதவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பயனில்லை. அதனால் குழுத்தலைவன் ஆல்வின் விசில் ஊதினான். ஊதியதும் எல்லோரும் நின்று காது கொடுத்தார்கள். மயில்தான் கத்தியது.

வெயில் ஏறியது. தண்ணீரில்லாமல் கிழட்டு உடம்பு இதைத் தாங்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

மறுபடி விசில். கங்கம்மா டெபோராவின் கையைப் பிடித்து ஒரு பாறைக்குப் பின்னால் வெடுக்கென்று இழுத்து உட்காரவைத்தாள்.

"என்ன அக்கா, பாம்பா?"

"ஒண்ணும் இல்லம்மா." கங்கம்மா வெட்கப்பட்டாள். "நானும் அவரும் இதே குவாரில கல்லு ஒடச்சவங்க. விசில் ஊதினா வேட்டு வெக்கப் போறான்னு அர்த்தம். ஓடி ஒளிஞ்சிக்கணும். ஒடம்பு மறக்கமாட்டேங்குது."

சொன்னவள் வாயில் கைவைத்தாள். மற்றதெல்லாம் மறந்த மனுஷனைக் காலையிலிருந்து இவர்களே ஊதி ஊதி ஒளியவைத்திருக்கிறார்கள்.

"ஒளிஞ்சவங்க எப்ப வெளிய வருவாங்க?"

"வேட்டு முடிஞ்சதும் மேஸ்திரி கொரல் குடுப்பாரு."

டெபோரா ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னாள். ஆல்வின் விசிலைக் கழற்றிப் பையில் போட்டான். கங்கம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாறைமேல் ஏறினாள்.

"வேட்டு முடிஞ்சிபூட்ச்சி, எல்லாம் வெளிய வா."

ஒன்றும் அசையவில்லை. இன்னும் உள்ளே போய்க் கத்தினாள். தொண்டை கட்டியதும் டெபோரா கத்தினாள். பிறகு குழுவே கத்தியது.

குவாரி விளிம்பில், துருத்திய பாறையடியிலிருந்து தலையில் துண்டைப் போர்த்தியபடி பொன்னுசாமி தவழ்ந்து வந்தார். முழங்கால் உரிந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. கங்கம்மா பாட்டிலை அவர் வாயில் வைத்தாள். குடித்து முடித்ததும் கூட்டத்தை முறைத்தார்.

"எவன்டா அவன்? காலைலேர்ந்து விசில் ஊதிகினே கீறான். ஒரு வேட்டாவது போட்டானா?"

கங்கம்மா ஆல்வினைப் பார்த்தாள்.

"வேட்டு மருந்து நமுத்துப் போச்சு மேஸ்திரி," என்றான் ஆல்வின்.

"காயவெக்கத் தெரியாதா," என்று திட்டிக்கொண்டே பொன்னுசாமி அவன் தோளைப் பிடித்து எழுந்தார்.